யூரியா மூட்டையின் விலையைத் தீர்மானித்தது யார்?
கந்தளாயிலிருந்து சர்வதேச அரசியல் பொருளாதாரம் கற்பது குறித்து

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், இரசாயன உரமும் பூச்சிகொல்லிகளும் இலங்கைக்குள் வருவதைத் தடைசெய்தது. குளத்து நீரை நம்பிப் பெரும்போகமும் சிறுபோகமும் விதைக்கும் கந்தளாய் விவசாயிகளுக்கு அந்த அறிவித்தலின் பொருள் ஒன்றுதான்: அடுத்த போகத்துக்கு யூரியா இல்லை. 2005இல் தொடங்கிய மானியத் திட்டத்தில் 50 கிலோ உரமூட்டை 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் இந்தியக் கடனுதவியின் கீழ் யூரியா வந்து சேர்ந்தபோது, அதே மூட்டைக்கு அரசு நிர்ணயித்த விலை 10,000 ரூபாய்.

இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் நடந்தது என்ன?

க.பொ.த. உயர்தரத்தில் பொருளியல் படித்த மாணவி இதற்கு ஒரு விடை சொல்வார். 2020இல் ஒரு டன் யூரியாவின் உலக விலை சராசரியாக 230 டொலர் அளவில் இருந்தது. உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 ஏப்ரலில் அது 900 டொலரைத் தாண்டியது. அதே காலத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் என்றிருந்த நாணயமாற்று விகிதம் 360 ரூபாய்க்குச் சரிந்தது. அரசியல் விஞ்ஞானம் படித்த மாணவர் வேறொரு விடை சொல்வார். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ச இயற்கை உரத்துக்கு மாறப் பத்தாண்டு அவகாசம் குறித்திருந்தார். ஆட்சிக்கு வந்தபின் ஒரே அறிவித்தலில் அதைச் செய்ய முயன்றார். அதிகாரம் ஒருவரிடம் குவிந்திருந்ததால் துறைசார் வல்லுநர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை.

இரண்டு விடைகளும் சரி, இரண்டும் பாதி. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்த முடிவு, சர்வதேசத் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையின் கடன் தகுதியைக் கீழிறக்கிய விதம், அதனால் வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்க முடியாமல் போனது, 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு இரண்டே ஆண்டுகளில் 310 கோடியாகச் சுருங்கியது, இறக்குமதிச் செலவைக் குறைக்கும் தேவை உரத்தடைக்குப் பின்னால் நின்றது ஆகியவற்றை ஒரே சங்கிலியாகக் கோர்த்துப் பார்க்கும் இடம் அந்த இரண்டு வினாத்தாள்களிலும் இல்லை. அந்த இடத்தில் நிற்கும் துறைக்குப் பெயர் சர்வதேச அரசியல் பொருளாதாரம்.

துறை பிறந்த கதை

இத்துறையின் நவீன வடிவத்துக்கு ஓர் ஆண்டைக் குறிப்பதென்றால் 1970ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு பிரித்தானியரான சூசன் ஸ்ட்ரேஞ்ச், சர்வதேசப் பொருளியலும் சர்வதேச உறவுகளும் ஒன்றையொன்று புறக்கணித்து வருகின்றன என்று குற்றஞ்சாட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருளியல் பட்டதாரியான அவர் பத்திரிகையாளராகப் பணியாற்றியபின் ஆய்வுலகுக்கு வந்தவர். பொருளியலாளர்கள் அதிகாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அரசியல் அறிஞர்கள் சந்தையைப் படிப்பதில்லை என்பது அவரது முறைப்பாடு. அடுத்த ஆண்டே உலகம் அவர் பக்கம் சாட்சி சொன்னது. 1971 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்தார். 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறத் தொடங்கியது. பொருளியல் சமன்பாடுகளால் மட்டும் இவ்விரண்டையும் விளக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் கியோஹேன், ஜோசப் நை, ராபர்ட் கில்பின் ஆகியோர் இத்துறையை வளர்த்தனர். அரசுகள் எப்போது ஒத்துழைக்கின்றன, எப்போது முரண்படுகின்றன என்பதே அவர்களது மையக் கேள்வி. தரவும் புள்ளியியலும் அவர்களது கருவிகள். பிரித்தானிய மரபு வரலாற்றையும் நீதியையும் முன்னிறுத்தி, ஓர் ஏற்பாட்டால் நன்மை அடைவது யார் என்று கேட்டது. அத்திலாந்திக்கின் இரு கரைகளுக்கும் இடையிலான இந்தப் பிளவை பெஞ்சமின் கோஹன் 2007இல் விரிவாக எழுதினார். 1988இல் வந்த தன் நூலில் ஸ்ட்ரேஞ்ச் உலக அதிகாரம் தங்கியுள்ள கட்டமைப்புகளை நான்காகப் பிரித்தார்: பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு. எந்தத் தேர்வு சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதை இந்த நான்கையும் கையில் வைத்திருப்பவர்களே வரையறுக்கிறார்கள் என்றார்.

கோஹன் வரைந்த படத்தில் இல்லாத மூன்றாவது கரை ஒன்றும் உண்டு. மூலப்பொருள் விற்று ஆலைப்பொருள் வாங்கும் நாடுகள் காலப்போக்கில் நட்டமடைகின்றன என்ற வாதத்தை 1950இல் ஆர்ஜென்டீனரான ராவுல் பிரெபிஷ் முன்வைத்தார். அவர் முதற் செயலாளர் நாயகமாக இருந்த ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டை 1974 முதல் 1984 வரை நடத்தியவர் இலங்கைப் பொருளியலாளர் காமனி கொரயா. தேயிலை, இறப்பர், சீனி உள்ளிட்ட 18 பண்டங்களின் விலையை நிலைப்படுத்தும் ஒருங்கிணைந்த திட்டத்தை அவரது காலத்தில்தான், 1976 நைரோபி மாநாட்டில், ஏழை நாடுகள் நிறைவேற்றின. பணக்கார நாடுகளின் தயக்கத்தால் அது முழு வடிவம் பெறவில்லை. 1982இல் எஸ்.பி.டி. டி சில்வா எழுதிய குறைவிருத்தியின் அரசியல் பொருளாதாரம் பற்றிய நூல், தோட்டப் பொருளாதாரம் ஏன் தொழில்வளர்ச்சிக்கு இட்டுச் செல்லவில்லை என்று ஆராய்ந்தது. இத்துறையைக் கற்கும் இலங்கை மாணவர் இரவல் அறிவோடு தொடங்க வேண்டியதில்லை. முன்னோடிகள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

சீனி: மூடிய ஆலை சொல்லும் பாடம்

கந்தளாயின் பெயரைப் பாடப்புத்தகங்களில் பதித்தது சீனி ஆலை. 1957இல் அமைந்த சீனிக் கூட்டுத்தாபனத்தின் கீழ், செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு இங்கே ஆலை எழுந்தது. சுற்றிலும் கரும்பு பயிரானது. அதே காலத்தில் சோவியத் உதவியுடன் ஒருவலவில் இரும்பாலையும் களனியில் டயர் ஆலையும் வந்தன. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு அணிசேராக் கொள்கையைக் கைக்கொண்டிருந்தது. இரு முகாம்களும் புதிய நாடுகளின் நட்புக்காகப் போட்டியிட்ட பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஐரோப்பிய இயந்திரம் கந்தளாய்க்கு வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இறக்குமதியைக் குறைத்து அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துவது என்ற கொள்கை அன்று தில்லி முதல் சாந்தியாகோ வரை செல்வாக்குப் பெற்றிருந்தது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சீனியின் போட்டி, உள்நாட்டுப் போர் என்று நெருக்கடிகள் அடுக்கடுக்காக வந்து, 1990களின் முற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. அடுத்தடுத்த அரசுகள் மீளத் திறப்பதாக அறிவித்தன. வெளிநாட்டு முதலீட்டாளர்களோடு செய்யப்பட்ட கூட்டு முயற்சியும் தகராறில் சிக்கி முடங்கியது. இன்று நாட்டின் சீனித் தேவையில் மிகப் பெரும்பகுதி இறக்குமதியால் நிறைவாகிறது.

ஆலை நட்டத்தில் ஓடியது, அதனால் மூடியது என்ற ஒற்றை வரி விளக்கத்தோடு நிற்க முடியாது. சீனிக்கு உலக விலை என்று சொல்லப்படும் எண் அரசுகளின் கைபட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பல பத்தாண்டுகள் தன் விவசாயிகளுக்கு மானியம் கொடுத்து மிகுதிச் சீனியை வெளியே கொட்டியது. பிரேசில், அவுஸ்திரேலியா, தாய்லாந்து ஆகியவை தொடுத்த வழக்கில் 2005இல் உலக வர்த்தக அமைப்பு ஒன்றியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா இன்றும் ஒதுக்கீட்டு முறையால் தன் சீனி உற்பத்தியாளர்களைக் காக்கிறது. இந்தியாவின் கரும்பு ஆதரவு விலையும் ஏற்றுமதி மானியமும் விதிமீறல் என்று 2021 டிசம்பரில் அதே அமைப்பின் குழு கண்டது. இந்தியா மேன்முறையீடு செய்தது. ஆனால் புதிய நீதிபதிகள் நியமிக்கப்படுவதை அமெரிக்கா தடுத்ததால் மேன்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பர் முதலே செயலற்றுக் கிடந்தது. 2022 ஜூனில் இந்தியா சீனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் சந்தையில், ஆதரவு குறைந்த சிறு ஆலை ஒன்று விலையில் தோற்றது என்பதை வெறும் திறமைக்குறைவாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகப் பழி முழுவதையும் வெளியே போட்டுவிடவும் கூடாது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி ஒரு கிலோவுக்கான விசேட பண்ட வரியை இலங்கை அரசு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தது. அந்த வரிக்குறைப்பின் பலன் கடையில் வாங்குபவரைச் சென்றடையவில்லை. அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பு 1,590 கோடி ரூபாய் என்று நாடாளுமன்ற நிதிக்குழுவில் கணக்குச் சொல்லப்பட்டது. இந்த முடிவை எடுத்தது கொழும்பு. வெளியழுத்தம் எங்கே முடிகிறது, உள்நாட்டு நலன்களின் ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதே இத்துறையில் ஒரு மாணவர் பெற வேண்டிய முதல் பயிற்சி.

அரிசியும் கோதுமையும்

கொரியப் போர்க் காலத்தில் உச்சத்தில் இருந்த இறப்பர் விலை வீழ்ந்து, அரிசி விலை ஏறிய 1952இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி, பதிலுக்கு 50,000 டன் இறப்பர், ஐந்தாண்டுகளுக்கு. அப்போது இரு நாடுகளுக்கும் இடையில் தூதரக உறவே இல்லை. அது 1957இல்தான் வந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. பொதுவுடைமைக்கு எதிரான ஐக்கிய தேசியக் கட்சி அரசே, வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கவின் முயற்சியில், அந்த அழுத்தத்தைத் தாண்டி இதைச் செய்தது. மறு ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடு கொதித்தெழுந்தது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். தட்டில் விழும் சோற்றின் விலை ஓர் அரசையே அசைக்கும் என்று அன்று கற்ற அரசுகள், நெற்காணிகளைப் பெருக்கும் குடியேற்றத் திட்டங்களுக்கு மேலும் முக்கியத்துவம் கொடுத்தன. கந்தளாயின் இன்றைய வயற்காணிகளும் வாய்க்கால்களும் பெருமளவு அந்தக் காலத்தின் விளைவு. அந்தக் காணிகள் எந்தச் சமூகத்தவருக்கு எவ்வளவு கிடைத்தன என்ற கேள்வி கிழக்கின் இன அரசியலில் இன்னும் ஆறாத புண்ணாக இருப்பதையும் இந்தப் பாடம் மறைக்கக் கூடாது.

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வழியில் சீனக்குடாவில் மற்றொரு அத்தியாயம் நிற்கிறது. சிங்கப்பூரின் பிரைமா நிறுவனம் 1977இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி கட்டிய மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கா 1954இல் இயற்றிய சட்டத்தின் கீழ் தன் மிகுதித் தானியத்தை எளிய கடனில் ஏழை நாடுகளுக்குக் கொடுத்து வந்தது. இலங்கையும் அதில் கோதுமை பெற்றது. கோதுமை விளையாத நாட்டில் பாணும் ரொட்டியும் அன்றாட உணவாக வேரூன்றியதற்குப் பின்னால் ஆழ்ந்த துறைமுகம், அமெரிக்க விவசாயியின் மிகுதி விளைச்சல், சிங்கப்பூர் மூலதனம், கொழும்பின் மானியக் கொள்கை ஆகிய நான்கும் இருக்கின்றன. கந்தளாய் நெல்லுக்குக் கிடைக்கும் விலை கோதுமை மாவின் விலையோடு போட்டியிட வேண்டியிருப்பதும் இதன் ஒரு பகுதி.

எண்ணெய்க் குதங்கள்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகத் திருகோணமலையில் எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளளவு. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இப்போது 99 எஞ்சியுள்ளன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தனர்.

எண்ணெய் வணிகம் மட்டும் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் நீடித்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, அடுத்த ஆண்டு அந்நிறுவனங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தத் தொடங்கியது. அமெரிக்கச் சொத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு தராத நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தச் சட்டம் உலகிலேயே முதன்முறையாக 1963 பெப்ரவரியில் இலங்கை மீது பாய்ந்தது. 1965இல் ஆட்சி மாறி, இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தபின்தான் உதவி மீண்டும் தொடங்கியது. உலகப் பல்கலைக்கழகங்களில் பொருளாதாரத் தடை பற்றிய பாடங்களில் பேசப்படும் இந்த நிகழ்வு, நம் மாணவர் பலருக்கு ஒரு வரிச் செய்தியாகக்கூட எட்டுவதில்லை.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்றும் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து புனரமைப்பதென்றும் எழுதப்பட்டது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைத் துணை நிறுவனம் குதங்களுக்குள் நுழைந்தது. 2022 ஜனவரி 6இல் புதிய உடன்பாடு: 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 குதங்கள் இலங்கை 51 வீதமும் இந்தியத் தரப்பு 49 வீதமும் வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்துக்கு. முப்பத்தைந்து ஆண்டுகள் இழுபட்ட விடயம் அந்த மாதத்தில் முடிந்ததற்குக் காலம் ஒரு காரணம். எரிபொருள் வாங்க இலங்கையிடம் டொலர் இல்லாத நேரம் அது. சில வாரங்களில் இந்தியா எரிபொருளுக்கென 50 கோடி டொலர் கடன் கொடுத்தது. பாதுகாப்பும் நிதியும் தனித்தனி அறைகளில் வாழ்வதில்லை என்ற ஸ்ட்ரேஞ்சின் வாதத்துக்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை.

மீண்டும் மூட்டைக்கு

உரத்தடைக்குப் பின் நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் விளங்கும். இயற்கை உரத்துக்காகச் சீன நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொன்னது, நிறுவனம் மறுத்தது. பணம் கொடுக்கப்படாததால் 2021 ஒக்டோபரில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில், பயன்படுத்தாத உரத்துக்காக மக்கள் வங்கி அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலரைக் கட்டியது. 2021 நவம்பரிலேயே உரத்தடை நீக்கப்பட்டிருந்தாலும் பெரும்போகம் கைதவறிவிட்டது. 2021இல் 51 இலட்சம் டன்னுக்கு மேலிருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் 34 இலட்சம் டன்னாக வீழ்ந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் பெருமளவு விலக்குப் பெற, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி சுமையைத் தாங்கியது. பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் இணைத் தலைமை வகித்த கடன் வழங்குநர் குழுவோடு 2024 ஜூனில் உடன்பாடு வந்தது. சீனாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியோடு தனிப் பேச்சு. பிணைமுறி வைத்திருப்போரோடு வேறொரு பேச்சு. கடன் வாங்கிய முடிவுகளில் குரல் இல்லாத தொழிலாளியும் விவசாயியும் அதை அடைப்பதில் மட்டும் பங்காளிகள் ஆனார்கள். வரி, கடன், மானியம் ஆகியவற்றின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்ற கேள்வியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுப்பி வருகிறார்கள். அது விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒதுங்க வேண்டிய கேள்வி இல்லை.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது

கந்தளாய் மாணவருக்கு மிக அருகிலுள்ள உயர்கல்வி நிலையம், கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். துறைமுகமும் மாவாலையும் எண்ணெய்க் குதங்களும் அதன் அயலில் இருக்கின்றன. சர்வதேச அரசியல் பொருளாதாரத்துக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்களம் தீவில் வேறெங்கும் இல்லை.

ஒரு பருவம் முழுவதும் மாணவர் ஒருவர் ஒரே ஒரு பண்டத்தைப் பின்தொடரலாம். ஒரு மூட்டை யூரியா எந்த நாட்டு இயற்கை வாயுவில் உருவாகிறது, எந்தக் கேள்விப்பத்திரத்தில் விலை முடிவாகிறது, எந்த வங்கியின் நாணயக் கடிதத்தில் கப்பல் ஏறுகிறது, கமநல சேவை நிலையத்தில் யாருக்கு முதலில் கிடைக்கிறது என்று அவர் தேடட்டும். மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள், உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புகள், நாணய நிதியத்தின் மீளாய்வு அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளிவிபரத்தைப் படிக்கப் பொருளியல் துறையும், சட்டத்தையும் அதிகாரத்தையும் படிக்க அரசியல் துறையும், ஆவணத்தைப் படிக்க வரலாற்றுத் துறையும் ஒரே வகுப்பில் வந்து கற்பிக்க வேண்டும். கரும்பு வெட்டிய முதிய தொழிலாளரின் நினைவுகளையும் ஆவணமாகச் சேர்க்க வேண்டும். ஆலை மூடியபின் அந்தக் குடும்பங்களின் வருமானம் எங்கே போனது என்பதை எந்த ஆண்டறிக்கையும் சொல்லாது.

மொழி இதில் பெரிய தடை. ஸ்ட்ரேஞ்சின் நான்கு கட்டமைப்புகளில் கடைசியானது அறிவு. கடன் உடன்படிக்கைகளின் ஆங்கிலச் சட்டநடைக்குள் புக முடியாத தமிழ்மொழி மூல மாணவர், தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஆவணத்துக்கு வெளியே நிற்கிறார். துறையின் அடிப்படை நூல்களைத் தமிழில் கொண்டுவருவதும், தமிழில் புதிய பாடநூல் எழுதுவதும், அதே வேளையில் மூல ஆவணத்தை ஆங்கிலத்தில் படிக்கும் பயிற்சி கொடுப்பதும் ஒருங்கே நடக்க வேண்டிய பணிகள்.

நாணய நிதியத் திட்டம் முடிந்தபின்னும் மறுசீரமைத்த கடனின் தவணைகள் பல ஆண்டுகள் தொடரும். அவற்றைக் கட்டப்போகிறவர்கள் இன்று கந்தளாய்ப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழில் இந்தப் பாடநெறியைத் தொடங்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதற்கு நிதியும் ஆசிரியர் பதவிகளும் ஒதுக்க வேண்டும்.